லண்டனில் வீடு வாங்குமுன் ஒரு சர்வேயரைக் கூப்பிடுங்கள்

ஊரில் சர்வேயர் என்றால் மனதில் வருவது ஒரே காட்சிதான். தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் வருவார். கூடவே சங்கிலி பிடிக்க ஓர் ஆள், கையில் எஃப்.எம்.பி. என்கிற நில அளவைப் படத்தின் நகல். வரப்பில் இறங்கி அளப்பார், புதைந்துபோன சர்வே கல்லைத் தேடிப் பிடிப்பார், பக்கத்துக் காட்டுக்காரர் முறைத்துக்கொண்டு நிற்பார். அதனால் லண்டனில் நாங்கள் வீடு பார்த்துக்கொண்டிருந்தபோது, "சர்வேயர் பார்த்தாச்சா?" என்று ஆபீஸ் நண்பர் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஈஸ்ட் ஹாமில் ஒரு டெரஸ் வீடு. டெரஸ் என்றதும் மொட்டை மாடியை நினைக்காதீர்கள். இந்த ஊரில் அது வரிசை வீடு. இரண்டு பக்கமும் பொதுச்சுவர், பின்னால் கையகலத் தோட்டம். இதில் அளக்க என்ன இருக்கிறது?

அளக்க ஒன்றும் இல்லைதான். இங்கிலாந்தில் வீடு வாங்குபவர் வைத்துக்கொள்ளும் சர்வேயர் நிலத்தை அளக்க வருவதில்லை, வீட்டைச் சோதிக்க வருகிறார். பழைய கார் வாங்கும்போது தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் பானெட்டைத் திறந்து பார்க்கச் சொல்வோமே, கிட்டத்தட்ட அதே வேலை. கூரை, சுவர், தரை, ஜன்னல், கூரைக்கு அடியில் இருக்கும் லாஃப்ட் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எது நன்றாக இருக்கிறது, எது செலவு வைக்கும், எது ஆபத்து என்று எழுதிக் கொடுப்பார்.

எல்லையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். இங்கே அரசு நிலப் பதிவகம் தரும் வரைபடத்தில் உங்கள் மனையைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு இருக்கும். நீள அகலம் எதுவும் எழுதியிருக்காது. சட்டப்படியே அது 'பொதுவான எல்லை'தான். அங்குலக் கணக்குக்கு ஆகாது. நகரங்களில் வழக்கமாக 1:1250 அளவில் வரைகிறார்கள். தாளில் 1 மில்லிமீட்டர் என்றால் தரையில் 1.25 மீட்டர். வேலி முழுக்கக் கோட்டின் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிடும். லிங்க்ஸ் கணக்கில் எல்லை பார்த்துப் பழகிய குடும்பத்துக்கு இது பகீர் என்று இருக்கும்தான். எல்லைத் தகராறு என்று வந்தால் அதற்குத் தனிச் சர்வேயர்கள் உண்டு. அது வேறு கதை.

உங்களுக்காக வேலை பார்ப்பவர் யார்?

ஒரு வீடு கைமாறும்போது நம்மைச் சுற்றி நிறையப் பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் நமக்காக ஓடுவதுபோலத் தோன்றும். சற்று நின்று பார்த்தால் கணக்கு வேறு.

எஸ்டேட் ஏஜென்ட் சிரித்துப் பேசுவார், சனிக்கிழமை சாயங்காலமும் போனை எடுப்பார். அவருக்குக் கமிஷன் தருவது விற்பவர். வீட்டுப் பத்திர வேலையைப் பார்க்கும் வக்கீலான சொலிசிட்டர் நம்முடைய ஆள்தான், நாம்தான் பணம் கொடுக்கிறோம். ஆனால் அவர் பார்ப்பது காகிதத்தை. வீட்டு வாசலைக்கூட மிதிக்கமாட்டார். லண்டன் வீட்டுக்கான சொலிசிட்டர் வேறு ஏதோ ஊரில் உட்கார்ந்திருப்பது சர்வசாதாரணம். அப்புறம் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர். இங்கேதான் புதிதாக வீடு வாங்கும் பலர் ஏமாறுகிறார்கள். "பேங்கே ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டது, அப்புறம் எதற்கு இன்னொரு செலவு?" என்று கேட்பார்கள். நானும் கேட்டேன்.

வங்கியின் மதிப்பீடு வங்கிக்காகச் செய்யப்படுவது. நாளைக்கு நாம் தவணை கட்டாமல் போனால், வீட்டை விற்றுக் கொடுத்த கடனை எடுத்துவிட முடியுமா? அவர்களுக்கு வேண்டியது அந்த ஒரு கேள்விக்குப் பதில். அதற்கு ஆள் வந்து இருபது நிமிடம் சுற்றிப் பார்த்தாலும் போதும். பல சமயம் ஆளே வருவதில்லை, அந்தத் தெருவில் சமீபத்தில் விற்ற வீடுகளின் விலையைக் கம்ப்யூட்டரில் பார்த்தே முடித்துவிடுகிறார்கள். அந்த அறிக்கை நம் கைக்கு வந்தே ஆகவேண்டும் என்றும் இல்லை.

இதற்குமேல் ஒன்று. இங்கிலாந்துச் சட்டத்தில் வீட்டின் குறையைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வாங்குபவர் பாடு. விற்பவர் ஒரு நீண்ட கேள்விப் படிவத்தை நிரப்பித் தருவார். அதில் பொய் சொன்னால் மாட்டிக்கொள்வார். ஆனால், "கூரையில் பின்பக்கம் நாலு ஓடு போயிருக்கிறது" என்று தானாக வந்து சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

ஆக, வீட்டுக்குள் நுழைந்து, நம் காசில், நமக்காக மட்டும் பார்க்கிற ஒரே ஆள் நாம் வைக்கும் சர்வேயர்தான்.

நார்விச் வீடும் எங்கள் ஈஸ்ட் ஹாம் வீடும்

வங்கி மதிப்பீட்டை நம்பி வாங்கியதால் என்ன ஆகும் என்பதற்கு இங்கே சட்டம் படிப்பவர்கள் எல்லோரும் படிக்கிற வழக்கு ஒன்று உண்டு. 1980-ல் நார்விச் நகரில் ஒரு பெண் சாதாரண வீடு ஒன்றை வாங்கினார். கடன் கொடுத்த சங்கம் ஒரு சர்வேயரை அனுப்பி மதிப்பீடு வாங்கியது. உடனடியாகச் செய்யவேண்டிய பழுதுவேலை எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. அவர் தனியாக ஆள் வைக்காமல் அதை நம்பி வாங்கிவிட்டார். ஒன்றரை வருடம் கழித்து சிம்னியின் செங்கல் சரிந்து, படுக்கையறைக் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்தது.

காரணம் எளிமையானது. பழைய ஆங்கிலேய வீடுகளில் கணப்பு இருக்கும் இடத்தில் சுவர் அறைக்குள் ஓர் அடி, ஒன்றரை அடி துருத்திக்கொண்டு நிற்கும். சிம்னி பிரெஸ்ட் என்பார்கள். தரைத்தளத்தில் தொடங்கி, மாடி வழியாக, லாஃப்டைக் கடந்து, கூரைமேல் தெரிகிற புகைபோக்கிவரை ஒரே செங்கல் தூண் அது. இப்போது யாரும் கரி எரிப்பதில்லை. அறையில் இடம் வேண்டும் என்று சிலர் கீழே இருக்கும் பகுதியை இடித்துவிடுவார்கள். அப்போது மேலே இருக்கும் பாரத்தைத் தாங்க இரும்பு உத்தரம் வைக்கவேண்டும். வைக்காவிட்டால் பல நூறு கிலோ செங்கல் வெறும் பழக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். நார்விச்சில் வந்த சர்வேயர் மாடியில் சிம்னி இடிக்கப்பட்டிருப்பதைக் கவனித்திருந்தார். மேலே மிச்சம் இருந்ததை எது தாங்குகிறது என்று பார்க்கவில்லை. 1989-ல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அந்தப் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. வழக்கில் ஜெயித்தார், சரி. ஆனால் அதற்கு எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த வழக்கெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஈஸ்ட் ஹாம் வீட்டுக்கு நாங்கள் வைத்த சர்வேயர்தான் சொன்னார். அறுபதை நெருங்கிய மனிதர், குளிரில் மூக்கு சிவந்திருந்தது. வேலை முடியும் நேரத்துக்கு என்னை வரச் சொல்லியிருந்தார். சமையலறையை ஒட்டிய பின்னறையில் நிறுத்தி, சுவரைக் காட்டினார். நேராக, வழவழப்பாக, புதிதாக வெள்ளையடித்த சுவர். எனக்கு அது பிடித்திருந்தது. டைனிங் டேபிள் போட வசதி என்று மனைவியும் நானும் பேசிக்கொண்டதே அந்த மூலையைத்தான். "இப்போது மாடிக்கு வாருங்கள்" என்றார். அதே இடத்துக்கு நேர் மேலே, படுக்கையறையில் சிம்னி பிரெஸ்ட் அப்படியே துருத்திக்கொண்டு நின்றது. கீழே இல்லாத தூண் மேலே இருக்கிறது. இரண்டு தடவை அந்த வீட்டைப் பார்க்கப் போயிருந்தோம். எங்கள் கண்ணில் அது படவே இல்லை. அலமாரி வைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் நமக்குத் தெரியும்.

உள்ளே உத்தரம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சுவரைப் பிரிக்காமல் தன்னால் சொல்லமுடியாது என்றார். அதுதான் நேர்மையான பதில். எங்கள் சொலிசிட்டர் மூலம், இடித்த வேலைக்குக் கட்டட விதிமுறைப்படி வாங்கிய முடிவுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டோம். இல்லை. சரி, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அனுப்பிப் பார்க்கட்டுமா? சுவரில் ஓட்டை போட விற்பவர் சம்மதிக்கவில்லை. விலையையும் குறைக்கமாட்டேன் என்றார். கோயிலுக்கு நடந்து போகும் தூரம் என்பதற்காகவே மனைவிக்கு அந்த வீட்டின்மீது ஆசை. இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. விட்டுவிட்டோம்.

எப்போது கூப்பிடுவது, எந்த வகை?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், நாம் சொன்ன விலைக்கு விற்பவர் தலையாட்டியதும் வீடு நம்முடையது ஆகிவிடாது. ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் நாள்வரை இரண்டு தரப்பும் கட்டுப்பட்டதில்லை. அன்றைக்குத்தான் வழக்கமாக 10 சதவீத முன்பணம் போகும். அதற்குப் பிறகு பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும். ஆக, தலையாட்டலுக்கும் பரிமாற்றத்துக்கும் நடுவே கிடைக்கிற சில வாரங்கள்தான் சர்வேயருக்கு உரிய நேரம். ஏஜென்ட் அவசரப்படுத்துவார். படுத்தட்டும்.

ஸ்காட்லாந்தில் முறையே வேறு. 2008 டிசம்பர் முதல், விற்பவரே ஒரு சர்வேயரை வைத்து வீட்டு அறிக்கை தயாரித்து, வாங்க வருபவர்களுக்குக் காட்டவேண்டும். எடின்பரோவில் வேலை கிடைத்துப் போகிறவர்கள் இதை மறக்கவேண்டாம்.

சர்வே மூன்று நிலைகளில் வருகிறது. பேச்சில் லெவல் 1, 2, 3 என்பார்கள். லெவல் 1 மிகச் சுருக்கமானது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, பெரும்பாலானோர் அதை எடுப்பதும் இல்லை. லெவல் 2 சாதாரணமாகக் கட்டிய, ஓரளவு நல்ல நிலையில் இருக்கிற வீட்டுக்கு. சந்தை விலை மதிப்பீட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்கலாம். லெவல் 3 விரிவானது: பழைய வீடு, இடித்துக் கட்டிய வீடு, வழக்கமில்லாத கட்டுமானம், அல்லது வாங்கியதும் நீங்களே இடித்துக் கட்ட நினைக்கும் வீடு. நான் கேட்பவர்களுக்குச் சொல்வது இது: விக்டோரியா காலத்து வீடு, சமையலறையை நீட்டியது, லாஃப்டை அறையாக மாற்றியது என்று ஏதாவது இருந்தால் யோசிக்காமல் லெவல் 3. 1960-க்குப் பிறகு கட்டி, யாரும் கை வைக்காத வீடு என்றால் லெவல் 2 போதும்.

செலவு? வீட்டின் அளவு, விலை, ஊர் எல்லாவற்றையும் பொறுத்துச் சில நூறு பவுண்டிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் போகும். சும்மா இல்லைதான்.

அறிக்கையில் ஒவ்வொரு பகுதிக்கும் டிராஃபிக் சிக்னல் மாதிரி நிறம் இருக்கும். பச்சை 1, மஞ்சள் 2, சிவப்பு 3. பார்க்க முடியாத இடத்துக்கு 'பரிசோதிக்கவில்லை' என்று குறிப்பு. நிறைய பேர் சிவப்பைத் தேடி ஓடுவார்கள். இந்தப் 'பரிசோதிக்கவில்லை' வரிகளையும் அதே கவனத்தோடு படியுங்கள். லாஃப்டின் கதவு திறக்கவில்லை, பின்சுவரை ஒட்டி சாமான் அடுக்கியிருந்தது என்றெல்லாம் இருக்கும். விற்பவரிடம் கேட்டு அந்த இடத்தை ஒழித்துவைத்தால் சர்வேயர் திரும்ப வந்து பார்ப்பாரா என்று கேளுங்கள்.

என்ன பார்ப்பார், எதைப் பார்க்கமாட்டார்?

சர்வேயர் எதையும் உடைக்கமாட்டார், பிரிக்கமாட்டார். ஒட்டிய கார்ப்பெட்டைத் தூக்கமாட்டார், பீரோவை நகர்த்தமாட்டார். அது இன்னும் விற்பவரின் வீடு. மின்சாரம், கேஸ், சாக்கடைக் குழாய் இவற்றையும் பார்வையால்தான் பார்ப்பார், சோதனை செய்யமாட்டார். சந்தேகம் வந்தால், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு, குழாய்க்குள் கேமரா விடு என்று எழுதுவார்.

லண்டனில் அவர்கள் விசேஷமாகத் தேடுவது விரிசலை. இந்த நகரத்தின் பெரும்பகுதி களிமண்மேல் உட்கார்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் ஊறி உப்பும், வறட்சியில் சுருங்கும். நம் ஊர்க் கரிசல் காடு கோடையில் வாய்பிளந்து கிடக்குமே, அதன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழமில்லாத அஸ்திவாரம் போட்ட பழைய வீடுகள் அதோடு சேர்ந்து இறங்கும். பக்கத்தில் ஓக், வில்லோ மாதிரி தண்ணீர் குடிக்கும் மரம் இருந்தால் இன்னும் மோசம். 1976 வறட்சியில் அப்படி இறங்கிய வீடுகள் ஏராளம். 2022 ஜூலையில் இங்கிலாந்து முதன்முறையாக 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியதே, அதற்குப் பிறகும் விரிசல் புகார்கள் குவிந்தன. எல்லா விரிசலும் ஆபத்து இல்லை. சுண்ணாம்புப் பூச்சில் தலைமுடி மாதிரி ஓடுவதை விட்டுவிடலாம். ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாகப் போய், ஒரு முனை அகலமாக, 3 மில்லிமீட்டருக்குமேல் இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். அப்படி ஒருமுறை இறங்கிய வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுப்பதே தனிப் போராட்டம்.

அடுத்தது ஈரம். நாம் அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றி, துணியையும் உள்ளேயே காயப்போட்டு ஜன்னலைச் சாத்திவைப்பதால் வருகிற கரும்பூஞ்சை வேறு. சுவருக்குள் தரையிலிருந்து ஏறுகிற ஈரம் வேறு. ஒழுகும் கூரைவாய்க்காலிலிருந்து வருவது வேறு. நல்ல சர்வேயர் மூன்றையும் பிரித்துச் சொல்வார். ஈரம் பார்க்கும் மீட்டரை யார் வேண்டுமானாலும் சுவரில் குத்தலாம், விஷயம் அந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது.

மற்றவை: 1999-ல் முழுமையாகத் தடைசெய்யப்பட்ட ஆஸ்பெஸ்டாஸ் பழைய கராஜ் கூரையிலும் அறைகளின் உள்கூரைப் பூச்சிலும் இருக்கலாம், தோட்டத்தில் ஜப்பானிய நாட்வீட் என்ற களை இருந்தால் வங்கி முகம் சுளிக்கும், லாஃப்டில் குளிர் தடுக்கக் கூரையின் உட்புறம் நுரை அடித்திருந்தால் சில வங்கிகள் கடனே தராது. அடுக்குமாடி என்றால், 2017-ல் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு வெளிச்சுவர்ப் பலகைக்கான சான்று இருக்கிறதா என்பது முதல் கேள்வி. புத்தம்புது வீட்டுக்கு 'ஸ்னாகிங்' என்று தனிச் சோதனை உண்டு. கதவு இடிக்கிறதா, டைல்ஸ் ஏறியிறங்கி இருக்கிறதா என்று பட்டியல் போட்டுக் கட்டியவரிடம் கொடுப்பதற்கு.

ஆளைத் தேடும்போது

இங்கே சர்வேயர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம். 'சார்ட்டர்ட் சர்வேயர்' என்று அப்படிப் போட்டுக்கொள்ள முடியாது. அது 1868-ல் தொடங்கி 1881-ல் அரசப் பட்டயம் பெற்ற ஆர்.ஐ.சி.எஸ். என்ற அமைப்பின் உறுப்பினர்களுக்கு உரியது. எல்லோரும் 'ரிக்ஸ்' என்றுதான் சொல்வார்கள். பெயருக்குப் பின்னால் எம்.ஆர்.ஐ.சி.எஸ்., எஃப்.ஆர்.ஐ.சி.எஸ். என்று இருக்கும். அவர் தரும் விசிட்டிங் கார்டை நம்பாமல், அந்த அமைப்பின் இணையதளத்தில் பெயரைப் போட்டு நீங்களே பாருங்கள். அவர்களுடைய கட்டுப்பாட்டில் இருக்கும் நிறுவனம் தொழில் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்திருக்கவேண்டும், புகார் செய்ய முறையான வழியும் வைத்திருக்கவேண்டும். நாளைக்கு அவர் கவனக்குறைவால் உங்களுக்கு நஷ்டம் வந்தால் இவைதான் கைகொடுக்கும்.

எஸ்டேட் ஏஜென்ட் பரிந்துரைக்கும் ஆளை நான் எடுக்கமாட்டேன். அவர் திறமையானவராகவே இருக்கலாம். ஆனால் அடுத்த மாதமும் அவருக்கு வேலை வருவது அந்த ஏஜென்ட் மூலம்தான்.

போனில் மூன்று விஷயம் கேளுங்கள். இந்தப் பகுதியில் இந்தக் காலத்து வீடுகளை எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? வீட்டுக்குள் எவ்வளவு நேரம் இருப்பீர்கள்? அறிக்கை வந்தபின் போனில் பேசலாமா? மூன்றாவதுக்குத் தயங்குபவரை விட்டுவிடுங்கள். அறிக்கைகள் எல்லாமே பயத்தோடு எழுதப்பட்டவை; பின்னால் வழக்கு வரக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஓர் எச்சரிக்கை போட்டிருப்பார்கள். நாற்பது, ஐம்பது பக்கம் படித்து முடித்தால் வீடு இன்றிரவே இடிந்துவிடும்போல இருக்கும். "உங்கள் தங்கை இதை வாங்கினால் எதற்குக் கவலைப்படுவீர்கள்?" என்று போனில் கேட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் விஷயம் வந்துவிடும்.

உங்கள் திட்டத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மா அப்பா வரும்போது தங்க லாஃப்டில் ஓர் அறை கட்டும் எண்ணம் இருந்தால், கூரைச் சட்டத்தை அவர் அந்தக் கண்ணோடு பார்ப்பார். அறிக்கை வந்ததும் அப்படியே சொலிசிட்டருக்கும் அனுப்புங்கள். வீட்டைப் பார்த்தவருக்குக் காகிதம் தெரியாது, காகிதத்தைப் பார்த்தவருக்கு வீடு தெரியாது; சேர்த்துவைக்கிற வேலை நம்முடையது.

பெரிய பழுது வந்தால், வேலை செய்பவர்களிடம் விலைப்புள்ளி வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். மொத்தமாக, "சர்வே மோசம், பத்தாயிரம் குறை" என்றால் யாரும் இறங்கமாட்டார்கள்.

எங்கள் கதை முடியவில்லை. அடுத்து ஹாரோ பக்கம் 1930-களில் கட்டிய ஒரு செமி, அதாவது ஒரு பக்கம் மட்டும் பொதுச்சுவர் உள்ள வீடு, பார்த்தோம். திரும்பவும் சர்வே, திரும்பவும் செலவு. இந்தத் தடவை சிவப்பில் ஒன்றே ஒன்று: வரவேற்பறையின் பக்கச் சுவரில், சோபாவுக்குப் பின்னால், அடியில் ஈரம். ஈரத்தடுப்பு மருந்து அடிக்க ஏஜென்ட் ஒரு கம்பெனியைச் சொன்னார், அவர்கள் ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். சர்வேயருக்குப் போன் செய்தேன். "வெளியே போய் அந்தச் சுவர் ஓரம் பாருங்கள்" என்றார். "மண் மேடு தட்டியிருக்கிறது. தரை ஈரம் ஏறாமல் தடுக்கச் சுவரின் அடியில் வைத்திருக்கும் ஈரத்தடுப்பு வரிசைக்கு 15 சென்டிமீட்டர் கீழே தரை இருக்கவேண்டும். அங்கே அதற்கு மேலே ஏறிக் கிடக்கிறது. வீட்டுத் தரைக்கு அடியில் காற்றுப் போக வைத்த துளைச் செங்கலும் புதைந்துவிட்டது. வாங்கிய பிறகு மண்ணை வெட்டி எடுங்கள், ஒரு வருடம் பொறுத்துப் பாருங்கள்."

வாங்கினோம். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கடையில் வாங்கிய புது மண்வெட்டியோடு, சுவர் நெடுக மண்ணை வெட்டினேன். மூன்றாவது கூடை அள்ளும்போது புதைந்திருந்த துளைச் செங்கல் வெளியே வந்தது. துளைகளுக்குள் அடைத்திருந்த சேற்றை மகள் ஒரு பழைய டூத்பிரஷ்ஷால் குடைந்து எடுத்தாள். அடுத்த குளிர்காலத்துக்குள் சோபாவுக்குப் பின்னால் சுவர் காய்ந்துவிட்டது.